எந்த வயதில் எந்தப் பரிசோதனை? பிறந்த நாள் முதல் எண்பது வயது வரை

சில வருடங்களுக்கு முன்பு ‘முழு உடல் பரிசோதனை’ என்று அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் அடங்கிய ஒரு பேக்கேஜை எடுத்துக்கொண்டேன். பதினான்கு பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது. நான்கு எண்கள் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருந்தன. அந்த நான்கையும் துரத்திக்கொண்டு ஒன்றரை மாதம் அலைந்தேன். நான்கும் ஒன்றுமில்லை என்று முடிந்தது. இத்தனைக்கும் நடுவில் என் பி.பி.யை ஒருவரும் நிதானமாக உட்கார வைத்துப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு எத்தனை வயதில் மாரடைப்பு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டும்தான்.

நட்சத்திரக் குறி விழுவதன் கணக்கு பின்னால்தான் புரிந்தது. லேப்பில் ‘நார்மல்’ என்று போடும் வரம்பு, பெரும்பாலும் ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேரின் அளவு அடங்கும்படி வகுக்கப்படுகிறது. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்தால், ஒரு நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது வரம்பைத் தாண்டி வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அறுபது சோதனை என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு சிறிய பட்டியலைப் போட்டுக்கொள்வதைப் பற்றியது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனைகளை மட்டும். மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, மலத்தில் ரத்தம் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் வயது அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். இங்கே வரும் வயதுகளும் இடைவெளிகளும் உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு போன்ற அமைப்புகளின் பரிந்துரைகளை ஒட்டியவை. நாட்டுக்கு நாடு ஐந்து, பத்து வருடம் முன்பின்னாக இருக்கும்.

படி 1: குடும்பத்தின் நோய்க் கதையை எழுதி வையுங்கள்

செலவே இல்லாத பரிசோதனை இது. பலர் செய்யாமல் விடுவதும் இதுதான். ஒரு தாளில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரையும் எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் இரண்டு விவரம் வேண்டும்: என்ன நோய், அது எந்த வயதில் தெரியவந்தது. இறந்த வயது வேறு, நோய் தெரியவந்த வயது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பெரியவர்களிடம் கேட்டால் நோயின் பெயர் கிடைக்காது. “வயிற்று வலியில போனாரு”, “ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாரு, காலையில எந்திரிக்கல” என்றுதான் பதில் வரும். அங்கேயே விட்டுவிடாமல் கிளறுங்கள். “அப்போ அவருக்கு என்ன வயசு?”, “ஆபரேஷன் ஏதாவது நடந்ததா?”, “உடம்பு இளைச்சாரா?” என்று கேட்டால் கதை மெல்ல வெளியே வரும்.

அந்த வயதை வைத்துத்தான் உங்கள் அட்டவணை மாறும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அது இளவயது இதய நோய்க் கணக்கில் சேரும். உங்கள் கொழுப்பு அளவையும் பி.பி.யையும் அப்போது வேறு கண்ணோடு பார்ப்பார்கள். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குப் பெருங்குடல் புற்று வந்திருந்தால் உங்கள் சோதனை 40 வயதில் தொடங்க வேண்டும், அல்லது அவருக்குத் தெரியவந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு. எது முந்தியோ அது. அவருக்கு 44 என்றால் உங்களுக்கு 34. ஒரே பக்கத்துச் சொந்தத்தில் பலருக்கு மார்பகப் புற்றோ, கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சினைப்பையில் புற்றோ இருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோயும் குடும்பத்தில் ஓடும்.

படி 2: பிறந்த குழந்தை முதல் பள்ளி வயது வரை

குழந்தை பிறந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குதிகாலில் சின்னதாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் எடுப்பார்கள். 1960களில் ராபர்ட் கத்ரி என்பவர் உருவாக்கிய முறை. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை பார்க்க மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்தது திரும்பாது. மொத்த வாழ்நாளிலும் இவ்வளவு குறைந்த தொந்தரவில் இவ்வளவு பெரிய பலன் தரும் சோதனை வேறு இல்லை என்பது என் எண்ணம். ரத்தம் எடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், முடிவு வந்ததா என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.

காது கேட்கும் சோதனைக்கு 1-3-6 என்ற கணக்கு உண்டு. ஒரு மாதத்துக்குள் சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. கையிலும் காலிலும் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பது பிறவி இதயக் கோளாறுக்காக. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசி அட்டவணையை உங்கள் குழந்தை டாக்டர் கொடுப்பார். ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் பிறந்த 24 மணி நேரத்துக்குள், தட்டம்மைக்கு இரண்டு டோஸ் கட்டாயம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் பெரும்பாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘லேட்டாகிவிட்டது, திட்டுவார்கள்’ என்று அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பார்கள். ஒரு புள்ளியை வைத்துக் கவலைப்பட வேண்டாம். பல மாதப் புள்ளிகளைச் சேர்த்தால் வரும் கோடு சரிகிறதா என்று பாருங்கள். 18 மாதத்திலும் இரண்டு வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கண். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது பார்வைச் சோதனை நடக்க வேண்டும். சோம்பல் கண் என்பது ஒரு கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை ஒதுக்கிவிடுவது. குழந்தைக்கு அது தெரியாது, சொல்லவும் சொல்லாது, ஒரு கண்ணாலேயே ஓடி விளையாடும். விளையாட்டாக ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒரே மாதிரி இருந்தால் சரி. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் உங்கள் கையைத் தள்ளிவிட்டு அழுதால், மற்றக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். ஏழு வயதுக்குள் சரிசெய்வது சுலபம். அதற்குப் பிறகு கஷ்டம் கூடிக்கொண்டே போகும்.

படி 3: பதின்வயது

இந்த வயதில் பரிசோதனைகள் குறைவு, ஆனால் ஒரு பெரிய விஷயம் உண்டு. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும் என்று 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். தொண்டைப் புற்றிலும் இதே வைரஸுக்குப் பங்கு உண்டு.

மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ‘படிப்பில் கவனமில்லை, எப்போதும் படுத்தே கிடக்கிறாள்’ என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்த எண் ஒளிந்திருக்கும். மனச்சோர்வைப் பற்றி 12 வயதிலிருந்தே டாக்டர் கேட்கலாம். அந்தச் சில நிமிடம் பெற்றோர் வெளியே உட்கார்ந்திருப்பது உத்தமம்.

படி 4: 18 முதல் 39 வரை

பி.பி. நார்மலாக இருந்தால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. எடை கூடியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது பி.பி. இருப்பவர்கள் வருடாவருடம். கொழுப்பு அளவை இருபதுகளில் ஒருமுறை பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் நான்கு முதல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை. சுகர் 35 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை. எடை அதிகம், பெற்றோருக்குச் சுகர், பெண்களில் பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று ஏதாவது இருந்தால் 35 வரை காத்திருக்க வேண்டாம். ஆசிய வம்சாவளியினருக்கு உடல் எடைக் குறியீடு 23 தொட்டாலே எடை அதிகம் என்றுதான் கணக்கு. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றையும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுக்கான சோதனை இந்த வயதில் தொடங்குகிறது. சில நாடுகளில் 21 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர். 30க்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி சோதனை. 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் இன்னொரு முறையும் 70 சதவீதப் பெண்களுக்காவது இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2030 இலக்கு. எச்பிவி சோதனைக்கு மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. கூச்சத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் சோதனையை விடக்கூடாது, ஊசி எல்லா எச்பிவி வகைகளையும் தடுப்பதில்லை.

கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால், ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரத்துக்குள் சுகர் சோதனை. இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலச் சுகர் வந்தவர், பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை கைக்கு வந்ததும் வீட்டில் எல்லாருடைய கவனமும் குழந்தையிடம் போய்விடும்; அம்மாவின் சோதனையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் பிரசவத்துக்கு முன்பே அந்தத் தேதியைப் போனில் போட்டுவிடுங்கள்.

படி 5: பி.பி.யை ஒழுங்காகப் பார்ப்பது

இதற்குத் தனிப் படி கொடுக்கிறேன், ஏனென்றால் அதிகம் தப்பாகச் செய்யப்படுவது இதுதான். மாடி ஏறி மூச்சிரைக்க வந்து உட்கார்கிறோம். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கால் ஆடிக்கொண்டிருக்கிறது. நடுவில் “வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்று ஒரு கேள்வி, நாமும் பதில் சொல்கிறோம். வருகிற எண்ணில் எது ரத்த அழுத்தம், எது மாடிப்படி என்று பிரிக்க முடியாது.

வீட்டில் கையில் சுற்றும் தானியங்கிக் கருவி ஒன்று போதும்; மணிக்கட்டுக் கருவியைத் தவிருங்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கையை ஒதுக்கி வெறும் தோலின்மேல் பட்டையைச் சுற்றி, கையை மேசைமேல் இதய உயரத்தில் வையுங்கள். பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் எழுதினால், மருத்துவமனையில் எடுத்த ஒற்றை எண்ணைவிட டாக்டருக்கு அது ஆயிரம் மடங்கு பயன்படும். வீட்டு அளவின் சராசரி 135/85ஐத் தொட்டால் டாக்டரிடம் பேசுங்கள். மருத்துவமனையில் 140/90 என்பது பரவலாகப் பயன்படும் வரம்பு. சில அமைப்புகள் 130/80 என்கின்றன.

படி 6: 40 முதல் 64 வரை

பி.பி. இனி வருடாவருடம். கண் சோதனையும் இந்த வயதில் தொடங்குகிறது. கிளாக்கோமா ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வரும், வலிக்காது, தெரியும்போது போனது போனதுதான். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது இதில் சேராது. கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும்.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மாமோகிராம் 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்கக் குழுவின் 2024 பரிந்துரை. பல நாடுகளில் 50லிருந்துதான் அழைக்கிறார்கள். மாதவிடாய் முடிந்த வாரத்தில் நாள் வாங்கினால் வலி குறையும். அன்றைக்குப் பவுடரும் டியோடரன்டும் போட்டுக்கொள்ள வேண்டாம். படத்தில் புள்ளிகளாக விழுந்து வீண் பயம் காட்டும்.

பெருங்குடல் சோதனை 45 முதல் 75 வரை. கட்டாயம் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிதான் என்று நினைத்து ஓடி ஒளிகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வீட்டிலேயே மல மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஃபிட் சோதனையை வருடத்துக்கு ஒருமுறை செய்தாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை அது கண்டுபிடிக்கும். கொலோனோஸ்கோப்பி என்றால், ஒன்றும் இல்லாத பட்சத்தில் அடுத்தது பத்து வருடம் கழித்து. குடலில் முளைக்கும் சிறு பாலிப் புற்றாக மாற பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும். அதைப் பார்த்த இடத்திலேயே வெட்டி எடுத்துவிடலாம், புற்றே வராமல் போகும். ஒரு நிபந்தனை: ஃபிட் பாசிடிவ் என்றால் கொலோனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். ‘மூலமாக இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டு இன்னொரு ஃபிட் எடுத்துப் பார்ப்பது, மணி அடித்தபின் மணியை மாற்றுவது போல.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தினம் ஒரு பாக்கெட் என்று 20 வருடம், அல்லது இரண்டு பாக்கெட் என்று 10 வருடம் பிடித்திருந்து, இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் அல்லது நிறுத்தி 15 வருடத்துக்குள் என்றால், 50 முதல் 80 வயது வரை வருடம் ஒரு குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். புகையிலை மெல்லுகிறவர்கள் பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை விஷயத்தில் நான் யாருக்கும் ‘எடு’ என்றோ ‘எடுக்காதே’ என்றோ சொல்வதில்லை. 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது அது. சில உயிர்களைக் காப்பாற்றும். கூடவே, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராமல் கிடந்திருக்கும் புற்றையும் கண்டுபிடித்து, சிறுநீர்க் கசிவு, விறைப்புக் குறைவு என்று பக்கவிளைவு தரும் சிகிச்சைக்கு இழுத்துக்கொண்டு போகும்.

படி 7: 65க்கு மேல்

இங்கே புற்றுச் சோதனைகள் ஒவ்வொன்றாக விடைபெறும். ஒழுங்காகச் செய்துவந்து எல்லாம் நார்மல் என்றால் கருப்பைவாய்ச் சோதனையை 65ல் நிறுத்தலாம். பெருங்குடல் சோதனை 75 வரை. அதற்குமேல் ஆளைப் பொறுத்தது. பெண்களுக்கு 65ல் டெக்சா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்கிற ஆஸ்டியோபோரோசிஸ். எப்போதாவது புகைபிடித்திருந்த ஆண்களுக்கு 65க்கும் 75க்கும் நடுவில் ஒரே ஒருமுறை வயிற்றுப் பெருந்தமனியைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்.

ஆனால் இந்த வயதில் ஆளைச் சாய்ப்பது பல நேரம் ஒரு வழுக்கல். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்று நேரம் பாருங்கள். 12 நொடி அல்லது அதற்குமேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம். நேரத்தோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: எழும்போது கையை ஊன்றுகிறாரா, திரும்பும்போது சுவரைத் தேடுகிறாரா?

காது, கண் இரண்டையும் வருடம் ஒருமுறை பார்க்கலாம். ‘அப்பா இப்பல்லாம் யாரோடயும் பேசுறதில்ல’ என்பது சில வீடுகளில் காது கேட்காததன் இன்னொரு பெயர். வருடம் ஒருமுறை வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது அப்போதுதான் தெரியவரும். வருடா வருடம் போடும் ஃப்ளூ ஊசி, அதோடு நிமோனியா ஊசி, அக்கி ஊசி பற்றியும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். அக்கி ஊசியை 50லேயே போடலாம்.

படி 8: முடிவு கைக்கு வந்தபின்

ஆயிரம் பேருக்கு ஒரு சோதனை செய்கிறோம், அவர்களில் பத்துப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளில் 90 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும் சோதனை, ஒன்பது பேரைக் காட்டும். ஆரோக்கியமானவர்களில் 10 சதவீதத்துக்குத் தப்பாக மணி அடிக்கும் என்றால், அது 99 பேர். ஆக 108 பேர் கையில் ‘பாசிடிவ்’ ரிப்போர்ட், அவர்களில் ஒன்பது பேருக்குத்தான் நோய். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ராத்திரி முழுக்க கூகுளில் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாமோகிராமில் மறுபடி கூப்பிட்டால், அப்படிக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்று இருப்பதில்லை. ஆனால் போகாமல் இருக்கக்கூடாது. அந்த ஒன்பது பேரில் நீங்கள் இல்லை என்பதை அடுத்த சோதனைதான் சொல்லும்.

சுகரில் மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதம் அல்லது அதற்குமேல், வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்குமேல் என்றால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து உறுதி செய்யக்கூடாது, இன்னொரு சோதனை வேண்டும். ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி ஏமாற்றும். தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேப்பில் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவைக் குழப்பும்.

மறுபக்கமும் உண்டு. ‘போன வருஷம்தான் பார்த்தோம், ஒண்ணுமில்லை’ என்று புதிதாக வந்த அறிகுறியைத் தள்ளிவைப்பதும் ஆபத்து. நார்மல் என்பது அந்த நாளுக்கான பதில்.

படி 9: வேண்டாம் என்று சொல்லவும் பழகுங்கள்

தென் கொரியாவில் மற்றப் பரிசோதனைகளோடு தைராய்டு அல்ட்ராசவுண்டும் சேர்த்துச் செய்வது பரவியது. 2011ல் அங்கே தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. அதாவது, ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிகளுக்காகப் பல ஆயிரம் பேர் தைராய்டைக் கொடுத்துவிட்டு, தினம் மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள்.

எனவே தொந்தரவில்லாதவருக்கு முழு உடல் சி.டி., சினைப்பைப் புற்றுக்கு சிஏ-125 ரத்தச் சோதனை, ‘கேன்சர் மார்க்கர்’ தொகுப்பு என்று யாராவது நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். முடிவு மோசமாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? அதைச் செய்தால் என் ஆயுளோ வாழ்க்கையோ மேம்படும் என்பதற்கு ஆதாரம் உண்டா? நான் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்த வழிச் சிந்தனை புதிதில்லை. 1968லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் எழுதிய பத்து நெறிகளில் இதுதான் உள்ளே ஓடுகிறது.

படி 10: எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில்

ஒரு தாளை மூன்று பகுதியாக மடியுங்கள். முதல் பகுதியில் குடும்பக் கதை. இரண்டாவதில் செய்த சோதனை, தேதி, முடிவு. ‘நார்மல்’ என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள், ஐந்து வருடம் கழித்து எண்தான் பேசும். மூன்றாவதில் அடுத்து எது, எந்த மாதம். பிறந்தநாள் மாதத்தை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது. தாளைப் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள்.

என் தாளில் முதல் வரி ‘அப்பா, மாரடைப்பு, 51 வயது’. அதைப் பார்த்துத்தான் இப்போதைய டாக்டர் என் கெட்ட கொழுப்பைப் பற்றிக் கேட்டார். எண் என்னவோ அந்தப் பதினான்கு பக்க ரிப்போர்ட்டிலேயே இருந்தது, ஒன்பதாம் பக்கத்தில், நட்சத்திரக் குறி இல்லாமல்.